படகுக்கு வைத்த பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று நான் செய்தது மடத்தனம். என் மனைவி இத்தனை வருடமாக என்னிடம் கண்டுபிடித்த மடத்தனங்களை எல்லாம் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையில் நிற்க வைத்தால், இது முன்னால் வந்து கொடியேற்றும். மற்றவற்றால் நஷ்டப்பட்டது நான்தான். பெட்ரோல் காருக்கு டீசல் ஊற்றியது, பெயர்ப் பலகையைச் சரியாகப் பார்க்காமல் யாரோ ஒருவருடைய சாவு வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கண்ணைத் துடைத்துவிட்டு வந்தது, எல்லாம் என் தலையோடு போயிற்று. இது மட்டும் என் தங்கச்சியின் தலையில் விழுந்தது. தலை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை.

தங்கச்சி ரவாங்கில் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு கையுறைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. அவள் கணவர் சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. எங்கள் அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். ஆக, எந்த நல்லது கெட்டதிலும் அவளுக்காகப் பேச வேண்டிய வாய் என்னுடைய வாய். குடும்பத்தில் இருக்கிற வாய்களிலேயே அதைத்தான் கடைசியாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அண்ணன் என்றால் அண்ணன்தானே, மாற்றிக்கொள்ள முடியுமா?

போன வருடம் கோயில் திருவிழா ஒன்றில் என் மனைவிக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சேர்ந்த ஓர் அம்மா அறிமுகமானார். அவருடைய மகன் அங்கே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற பஸ் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். மனைவியை இழந்தவர். ஒரே மகள், கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். இரண்டு பெண்களும் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரசம் வருவதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது.

பிரச்சினை எங்கே சந்திப்பது என்பதில்தான் வந்தது. ஹாலில் பாய் விரித்து, பழத்தட்டு வைத்து, சொந்தக்காரர்களை எல்லாம் உட்கார வைத்து, நாற்பதைத் தாண்டிய ஒருத்தியைப் பட்டுச்சேலை கட்டிக் காப்பித் தட்டோடு நடந்து வரச் சொல்வதா? அவளே காரை ஓட்டிக்கொண்டு போய்த் தன் காப்பியைத் தானே வாங்கிக் குடிக்கிறவள். கடைசியில் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கோலசிலாங்கூரில் குடும்பமாகப் போக ஒரு படகுச் சவாரி இருக்கிறது. காலையில் ஏறினால் ஆற்றோடு போய், குன்றடியில் இறங்கிக் குரங்கு பார்த்து, ஆற்று முகத்தில் கழுகு பார்த்து, மீனவர் கம்பத்தில், அதாவது மீனவர் கிராமத்தில், இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

"ரெண்டு குடும்பமும் சும்மா ஜாலியா போற மாதிரி போவோம். பொண்ணு பார்க்கிறதுன்னு யாரும் வாயால சொல்லக் கூடாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "முக்கியமா நீங்க வாயால எதுவுமே சொல்லக் கூடாது."

"பாதியில பிடிக்கலன்னா?"

"போட்ல ஏறிட்டா பாதியில எங்க போறது? அதான் லா நல்லது."

நான் தங்கச்சியிடம் தனியாகக் கேட்டேன். அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இஷ்டம்தானே?" என்றேன். "பார்ப்போம்ணே" என்றாள். கோயில் கமிட்டியில் சேரச் சொல்லி யாராவது வந்தால் நான் 'பார்ப்போம்' என்பேன். அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகமாட்டேன். அவளும் அப்படித்தான் சொல்கிறாள், என் மனைவியின் தொல்லை தாங்காமல் வருகிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது வெறும் கோமாளித்தனமாகத் தெரியும். கிள்ளானில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் தட்டோடு நின்றிருந்த சின்னப் பெண், எல்லாப் பெண்களுக்கும் நீட்டியதைப் போலத் தங்கச்சிக்கும் பூவை நீட்டினாள். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதில் என்னவோ சொன்னார். தங்கச்சி சிரித்தாள். சிரித்தபடியே நேராகப் போனாள், கழிவறைக்கு. ரொம்ப நேரம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் வாய் வைக்கிற நான் அன்று வாயில் காற்றை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை இப்படி ஒன்று நடந்தால் யாரும் மணிக்கட்டைப் பிடிப்பதற்கு முன்னால் நான் ஒரு ஜோக்கோடு உள்ளே குதித்துவிட வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன். நல்ல எண்ணம்தான். அதுதான் வம்பே.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். நான், மனைவி, யூனிவர்சிட்டியில் படிக்கிற என் மகள், தங்கச்சி. தங்கச்சி மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். பழுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறமே தெரியாதவள் போல இருந்தவள்.

"என்னம்மா, சாம்பார்ல வழுக்கி விழுந்திட்டியா?" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ் லா. ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றாள் மகள்.

தங்கச்சி சிரித்தாள். ஜோக்குக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அன்று எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வழியில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். செம்பனையில் சிரிக்க என்ன இருக்கிறது?

படகுத்துறையில் அவர்கள் முன்பே வந்து காத்திருந்தார்கள். பஸ்காரர் தேய்த்த சட்டையும் பையில் பேனாவுமாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மாதிரியே நின்றார். அவருடைய அம்மா மெலிந்த, சுறுசுறுப்பான பெண்மணி. மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை அவர் கீழே வைக்கவே இல்லை. படகு ஆடியபோதுகூட ஒரு கையால் பலகையையும் மறு கையால் டப்பாவையும்தான் பிடித்துக்கொண்டார். உள்ளே வடை இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நான் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. சவாரி முழுவதும் என் கவனம் அந்த டப்பாவின் மேல்தான் இருந்தது. நடக்கவேண்டியதெல்லாம் என் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, நான் வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், பஸ்காரர் எழுந்து ஒவ்வொருவரையும் பார்த்தார். உதடு அசைந்தது.

"என்ன, மந்திரமா?" என்றேன்.

"தலை எண்ணுறேண்ணே. பழக்கம். ஒரு பிள்ளைய விட்டுட்டா அன்னிக்கு சோறு இறங்காது."

"எப்பவாச்சும் யாரையாவது விட்டுட்டுப் போயிருக்கீங்களா?" தங்கச்சிதான் கேட்டாள்.

"ஒரு தடவ. என்னையே. சாவிய உள்ள வச்சுட்டு இறங்கிக் கதவ சாத்திட்டேன். உள்ள இருந்த பிள்ளைங்க எல்லாம் எனக்கு டாட்டா காட்டுதுங்க."

தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. இந்தக் குடும்பத்தில் ஜோக் சொல்வது நான்தான். இவர் யார் புதிதாக?

முதலில் குன்றடியில் இறங்கினோம். படகிலிருந்து கரைக்குப் பலகை கொஞ்சம் உயரம். பஸ்காரர் முதலில் ஏறி நின்று கையை நீட்டினார். அம்மா, என் மனைவி, மகள், பிறகு தங்கச்சி.

"தண்ணின்னா பயமா?" என்று அவளைக் கேட்டார்.

"தண்ணிக்கு இல்ல. எங்கண்ணன் வாய்க்குத்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அவள் எச்சரித்ததை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

டிராம் வண்டியில் குன்றின் மேல் போனோம். அங்கே சாம்பல் நிறக் குரங்குகள் மனிதர்களைக் கண்டு கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில், யாரோ வீட்டுக் குழந்தையை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தது மாதிரி தாயின் வயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். பஸ்காரர் ஒரு கட்டு பயத்தங்காய் வாங்கிப் பாதியைத் தங்கச்சியிடம் கொடுத்தார். நான் என் பங்குக்கு ஒரு காயை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன். பெரிய குரங்கு ஒன்று வந்து என் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவில்லை.

"சொந்தக்காரன்னு நெனச்சிருச்சு" என்றாள் மனைவி.

"பொண்ணு பார்க்க வந்திருக்கும்" என்றேன் நான்.

வாயால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். மனைவி காலை மிதித்தாள். ஆனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாகூடச் சிரித்தார். தலையில் குரங்கோடு நான் திரும்பிப் பார்க்கையில், தங்கச்சியும் பஸ்காரரும் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நின்று ஒரே குரங்குக்கு மாறி மாறிக் காய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாருங்க" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். நான் பார்த்தேன். குரங்கு கொழுத்த குரங்குதான் என்று தோன்றியது.

திரும்பப் படகில் ஏறியதும் அவர் தலை எண்ணினார். எண்ணும்போது தங்கச்சியிடம் வந்ததும் உதடு கொஞ்சம் நின்று, பிறகு அடுத்த ஆளுக்குப் போனது. அதை மட்டும் எப்படியோ கவனித்திருக்கிறேன்.

ஆறு அகன்று கடலை நெருங்கும் இடத்தில் படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். வயதான மலாய்க்காரர். வாளியிலிருந்து கோழித் தோலை அள்ளித் தண்ணீரில் வீசினார். கண்டல் காட்டுக்கு மேலிருந்து செம்பருந்துகள் கிளம்பி வந்தன. செந்நிற உடல், வெள்ளைக் கழுத்து. நம் ஆட்களுக்கு அது கருடன். பஸ்காரரின் அம்மா டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவியும் போட்டுக்கொண்டாள். ஒரு கருடன் என்றால் சரி, இரண்டு என்றால் சரி. வானம் நிறைய வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? இரண்டு பேரும் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கன்னம் சிவந்துவிட்டது.

"மொத்தமா ஒரு கும்பிடு போட்டா கணக்குல வராதா?" என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மா வாளியைக் கவனித்தார். "ஐயோ, சனிக்கிழமையும் அதுவுமா பெருமாள் வாகனத்துக்குக் கோழித் தோலா போடறாரு?" என்று பதறி, படகுக்காரரிடம் மலாயில், இன்றைக்குக் கோழி வேண்டாம் என்று கெஞ்சினார். படகுக்காரர் யோசித்துவிட்டு, "பறவை விரதம் இருக்காது, மக்சிக்" என்று அத்தை முறை வைத்து அதே மலாயில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மறுபடியும் உறுத்தியது. படகுக்காரருக்குக்கூட ஜோக் வருகிறது.

பிறகு அவர் இயந்திரத்தை நிறுத்தினார். படகு தன் போக்கில் மிதந்தது. ஒரு கருடன் ரொம்பத் தாழ்வாக, எங்கள் தலைக்கு நேர் மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார். அம்மா டப்பாவைத் திறந்தார்.

வடை இல்லை. ஈரத் துணிக்குள் நெருக்கிக் கட்டிய ஒரு முழம் மல்லிகை.

அவர் எழுந்தார். படகு ஆடியது. "டுடொக், டுடொக்! உட்காருங்க!" என்று படகுக்காரர் கத்தினார். அவர் கேட்கவில்லை. தங்கச்சியிடம் வந்து, "கொஞ்சம் திரும்பு கண்ணு" என்றார்.

தங்கச்சியின் கை தலையின் பின்பக்கம் போனது.

எனக்குக் கிள்ளான் மண்டபம்தான் தெரிந்தது. விவரம் தெரியாமல் பூவை நீட்டிவிட்டார், இவள் பதறித் தலையை மூடுகிறாள், இன்னும் ஒரு நொடியில் அந்தச் சிரிப்பு சிரிக்கப்போகிறாள், இங்கே எழுந்து போகக் கழிவறைகூட இல்லை. நான் குதித்தேன். அந்த அம்மாவின் கையிலிருந்து பூவை வாங்கினேன். வாங்கினேன் என்பது நான் எழுதுவது. மனைவி சொல்கிற சொல் வேறு.

"அம்மா, எம்பொண்ண விட்டா இந்த போட்ல இன்னும் கல்யாணம் ஆகாதது இந்த போட்டு ஒண்ணுதான். பாவம், அதுக்கு வைப்போம்!"

தடுமாறிக்கொண்டு முன்பக்கம் போய், படகின் மூக்கில் இருந்த கம்பியில் பூவைச் சுற்றி, மூன்று முடிச்சும் போட்டேன். கையைத் தட்டினேன். படகுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "சந்தேக், சந்தேக்" என்று மகிழ்ந்தார். அழகாக இருக்கிறதாம். அந்தப் படகில் சிரித்தது நானும் அவரும்தான்.

திரும்பினேன். அந்த அம்மா உட்கார்ந்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. பொறுமையாக நான்கு மூலையையும் அழுத்தினார். பஸ்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள், "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து காற்றில் முகமெல்லாம் பறந்தது. கையில் கிளிப் இருந்தது. தலையை மூடுகிறவள் கிளிப்பை எதற்குக் கழற்றுகிறாள்? எனக்கு அப்போதும் புரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அதனால் இன்னொரு ஜோக் சொன்னேன். அது என்ன ஜோக் என்று இப்போது நினைவில் இல்லை.

மீனவர் கம்பத்தில் சாப்பாடு. தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய சீனர் கடை. இறாலும் நண்டும் வந்தன. சனிக்கிழமை என்பதால் அந்த அம்மா சைவம். அதை நினைவில் வைத்திருந்தவள் தங்கச்சிதான். சமையல்காரரிடம் அவளே எழுந்துபோய், கங்கோங் கீரையில் பிளாச்சான், அந்த இறால் விழுது, போடவேண்டாம், வேறு சட்டியில் வதக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டதும் என் மனைவி கருவாடு வாங்கும் சாக்கில் என்னைப் பக்கத்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவங்க பூ வைக்க எடுத்தாங்க. தெரியுதா? சம்மதம்னு சொல்லி அவ தலையில வைக்க எடுத்தாங்க. அப்பா இல்லாத பொண்ணுக்கு நீங்கதான் பேச்சு. அந்த அண்ணன்காரன் எல்லார் முன்னாலயும் பூவப் புடுங்கி போட்டுக்குக் கட்டுனா அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவ கை தலைக்குப் போச்சே... பயந்துட்டாளோன்னு..."

"கிளிப்பக் கழட்டுனா! பூ வைக்கிறதுக்கு!" சத்தம் உயர்ந்து, கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் தணிந்தது. "இத்தனை வருசத்துல அவ தானா தலையக் குடுத்தது இன்னிக்குத்தான்."

கையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

படகில் ஏறிவிட்டால் பாதியில் எங்கும் போக முடியாது என்று மனைவி சொன்னது சரிதான். திரும்பும் வழி முழுக்க எல்லாரும் ஒருவருக்கொருவர் எதிரே உட்கார்ந்திருந்தோம். நான் முதலில் முன்பக்கம் போய்ப் பூவை அவிழ்க்கப் பார்த்தேன். தண்ணீர் தெறித்து முடிச்சு இறுகிக் கிடந்தது. பாதிப் பூ உதிர்ந்து வெறும் நார் தெரிந்தது. அவிழ்த்துத்தான் என்ன செய்வது? படகுக்கு வைத்த பூவை எடுத்துத் தங்கச்சிக்கு வைக்கச் சொல்லவா?

அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, நான் ஒரு மடையன்..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்ல தம்பி." அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லாம, சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க பாருங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, நான் வேணாம்னு சொல்லலம்மா. எங்களுக்கு முழுச் சம்மதம்மா..."

"எனக்காக மாத்திச் சொல்லாதீங்க தம்பி. கருடன் வட்டம் போட்டுச்சு, எடுத்தேன். பூ வேற பக்கம் போயிருச்சு. எடுத்தத ரெண்டாந்தடவ எடுக்க எனக்கு மனசு வரல." இதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாளித்திருப்பேன். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பஸ்காரர் நாங்கள் பேசுவதைக் கேட்டார். தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது போலத்தான் பார்த்தார் என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். ஆனால் அண்ணன் முன்னால், அண்ணி முன்னால், பார்க்க வந்த அம்மாவின் முன்னால், மலாய்ப் படகுக்காரர் முன்னால் எந்த வார்த்தையைச் சொல்வாள்? அவள் கிளிப்பை மாட்டிக்கொண்டாள்.

படகுத்துறையில் இறங்கினோம். பஸ்காரர் கையை நீட்டி எல்லாரையும் கரையேற்றிவிட்டார், அவளையும்தான். ஆனால் தலை எண்ணவில்லை.

காரில் செம்பனைத் தோட்டங்கள் வந்தன, போயின. யாரும் சிரிக்கவில்லை. பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்ல? 'விடுங்கண்ணே, எனக்கே வைக்கட்டும்'னா?"



அதன் பிறகு செய்யவேண்டியதெல்லாம் செய்தோம். நான் பஸ்காரருக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் வழக்கம்போல இரண்டு ஜோக் சொல்லித் தொலைத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "புரியுதுண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மா மனசுல பட்டிருச்சு, அவங்கள மீறி நான் எதுவும் செய்யறதில்ல" என்றார். மனைவி பத்தாங் பெர்ஜுந்தாய்க்கே நேரில் போனாள். அந்த அம்மா காப்பி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். என் மகள் மட்டும், "அத்தை, நம்பர் இருக்கு. நீங்களே மெசேஜ் பண்ணுங்க, வாட்ஸ் தி பிக் டீல்?" என்று கேட்டிருக்கிறாள். "அவங்க அம்மா வேணாம்னு மூடுன டப்பாவ நான் போய்த் திறக்கவா?" என்றாளாம் தங்கச்சி. தீபாவளிக்கு முன்பே பஸ்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். நல்ல பெண்ணாம். நல்ல பெண்ணாகத்தான் இருக்கட்டும்.

ஒரு நாள் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனேன். எனக்கு முன்னால் ஒரு பள்ளி பஸ் நின்று பிள்ளைகளை இறக்கியது. அவர்தான். பக்கக் கண்ணாடியில் அவர் உதடு அசைவது தெரிந்தது. முந்திக்கொண்டு போக இடம் இருந்தும் நான் போகவில்லை. அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த நிறுத்தம் என்று பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னாலிருந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும் என்று இருந்தது.

தங்கச்சி முன்போலத்தான் இருக்கிறாள். மஞ்சள் சுடிதாரை ஒளித்து வைக்கவில்லை, வேலைக்கே போட்டுக்கொண்டு போகிறாள். என் ஜோக்குகளுக்கு மட்டும் "ம்" என்கிறாள். வேறு எந்தத் தண்டனையும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

போன வாரம் மனைவி சொன்னாள், கலும்பாங்கிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறதாம். மனைவியை இழந்தவர்தான், நல்ல குணமாம், அவர்களும் வீட்டில் உட்கார்ந்து பேச விரும்பவில்லையாம். நானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியிடம் போனேன். அவள் மறுநாளைக்கான துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். படகு வேண்டாம், அவள் எங்கே சொல்கிறாளோ அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். யார் எந்த டப்பாவைத் திறந்தாலும் என் கை மடியை விட்டு எழும்பாது, வாயைத் திறந்தால் சாப்பிடுவதற்கு மட்டும்தான், வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வர்றியாம்மா?"

சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். ஆவி எழும்பியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க வரலன்னா வர்றேன்."